தையில் வாங்கிய மெத்தை சித்திரையில் மாறிய கதை: ஒரு மெமரி ஃபோம் கொள்வனவு

பின்னணி

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் எனக்கு ஒரு சிறிய குஷன் கடை. செற்றிக்கு உறை மாற்றுவது, ஓட்டோ சீற் கட்டுவது, பழைய மெத்தைக்குப் புது ஃபோம் போடுவது, இவைதான் தொழில். ஃபோமை ஷீற்றாக வாங்கி வெட்டி விற்பதால் அதன் தரம் பற்றிக் கை ஓரளவு பழகியிருக்கிறது. மெத்தை விற்பதில்லை. ஆனால் வாங்கப் போகிறவர்கள் "அண்ணை, ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லுங்கோ" என்று கூப்பிடுவதுண்டு. அப்படிப் போன ஒரு கொள்வனவைத்தான் இங்கே எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் இருக்கிறது. ஆட்களுடைய பெயரும் கடைகளுடைய பெயரும் இதில் வராது.

வீட்டில் நான்கு பேர். 68 வயது அம்மா, ஆசிரியையாக வேலை செய்யும் மகள், மருமகன், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பேரன். அம்மாவுக்கு வருடக்கணக்காக நாரி நோ. இடப்பக்கம் சரிந்துதான் படுப்பார், நிறை 74 கிலோ. பதினொரு வருடப் பழைய தும்பு மெத்தையில் படுத்து வந்தார். அதன் நடுவில் ஆள் படுத்த அச்சு அப்படியே குழியாக விழுந்திருந்தது. காலையில் எழும்பி நாரியை நிமிர்த்த அரை மணித்தியாலம் ஆகும்.

கனடாவில் இருக்கும் மகன் ஒருநாள் தொலைபேசியில், "நான் இங்க படுக்கிறது மெமரி ஃபோம். அம்மாவுக்கும் அதையே வாங்கிக் குடுங்கோ, காசு அனுப்புறன்" என்றார். அமுக்கினால் தடம் சில செக்கன் நின்று மெல்ல மேலே வரும் ஒரு வகை ஃபோம் அது. மருமகனுக்கு அதில் இஷ்டமில்லை. நாரி நோவுக்குப் பலகைதான் மருந்து என்பது அவர் கட்சி. எங்கள் ஊரில் பாதிப்பேர் அந்தக் கட்சிதான்.

கிளினிக்கில் கேட்டபோது டொக்டர், பலகை மாதிரி இறுக்கமும் வேண்டாம், தாழ்கிறதும் வேண்டாம், நடுத்தரமாகப் பாருங்கள் என்றிருக்கிறார். மகள் அதோடு விடாமல் தேடிப் பார்த்து, 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஸ்பெயின் நாட்டு ஆய்வைக் கொண்டுவந்து காட்டினார். நீண்டகால நாரி நோ உள்ள 313 பேரை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இறுக்கமான மெத்தையும் மற்றதற்கு நடுத்தர இறுக்கமும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே நோ கூடுதலாகக் குறைந்தது. அது மெமரி ஃபோம் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் பலகைக் கட்சி அத்தோடு அடங்கியது.

கடைக்குப் போகமுன்

முதலில் கட்டிலைப் பார்த்தேன். ஆறடிக்கு மூன்றடி, பழைய தேக்கு. குறுக்குப் பலகைகளுக்கு இடையில் நாலரை அங்குலம் இடைவெளி இருந்தது. தும்பு மெத்தை விறைப்பானது, அதைத் தாங்கும். ஃபோம் அந்த இடைவெளிகளுக்குள் மெல்ல மெல்ல இறங்கிவிடும். மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. பல மெத்தைகளின் உத்தரவாத அட்டையிலும் இப்படி ஒரு நிபந்தனை இருக்கும். தச்சரைக் கொண்டு மூன்று பலகை கூடுதலாக அடிப்பித்தோம். முழுப் பிளைவுட் போடலாமே என்று மருமகன் கேட்டார். மாரி காலத்தில் காற்றுப் போகாமல் அடியில் பூஞ்சணம் பிடிக்கும் என்று தடுத்துவிட்டேன்.

அடுத்தது, டென்சிற்றி என்ற சொல்லை வீட்டாருக்கு விளங்கப்படுத்துவது. கடைகளில் இந்தச் சொல்லை இறுக்கம் என்ற பொருளில் சொல்லி விற்கிறார்கள். அது பிழை. டென்சிற்றி என்பது அடர்த்தி, ஒரு கன மீற்றர் ஃபோமில் எத்தனை கிலோ என்ற கணக்கு. இறுக்கம் வேறு. அதை எட்டு அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டால் அமுக்கி, தடிப்பில் காற்பங்கு இறங்க எவ்வளவு விசை வேண்டும் என்று தனியாக அளப்பார்கள். அடர்த்தி கூடிய ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம், அடர்த்தி குறைந்தது கல்லு மாதிரியும் இருக்கலாம். எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் அடர்த்திதான் சொல்லும். கையால் அமுக்கினால் தெரிவது இறுக்கம் மட்டுமே.

மெமரி ஃபோமில் கன மீற்றருக்கு 48 கிலோவுக்குக் கீழே என்றால் குறைந்த ரகம், 48 முதல் 80 வரை நடுத்தரம், அதற்கு மேல் உயர்ந்தது. இறக்குமதி மெத்தைகளில் கன அடிக்கு இத்தனை இறாத்தல் என்று போட்டிருக்கும். அதைப் பதினாறால் பெருக்கினால் எங்கள் கணக்கு வந்துவிடும். முழு மெத்தையும் மெமரி ஃபோமாக இருப்பது அபூர்வம். மேலே இரண்டு மூன்று அங்குலம் அது, கீழே சாதாரண ஃபோம். அந்த அடிப்பகுதி 28 முதல் 32 வரை இருந்தால் நல்லது. 20ஐ ஒட்டி இருந்தால் மேலே எதைப் போட்டாலும் இரண்டு வருடத்தில் குழி விழும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பேரன், "திணிவைக் கனவளவால பிரிக்கிறது தானே மாமா, எங்கட விஞ்ஞானப் பாடத்தில இருக்கு" என்றான். சரி, அப்படியென்றால் நீயும் வா என்று அவனையும் கூட்டிக்கொண்டோம். அளவு நாடாவும், வீட்டில் ஆள் ஏறி நின்று நிறை பார்க்கும் தராசும் ஓட்டோவில் ஏறின.

முதற் கடை

தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை. நகரில் ஒரு பெரிய ஷோரூம், உள்ளே நல்ல ஏசி. எட்டு அங்குல மெத்தை ஒன்றைக் காட்டினார்கள். "முழுக்க மெமரி ஃபோம் அண்ணை, 50 டென்சிற்றி, நாசா தொழில்நுட்பம்" என்றார் விற்பனைப் பொடியன். மெத்தையின் ஒரு பக்கத்தில் தண்ணீர்க் கிளாஸை வைத்துவிட்டு மறுபக்கம் குத்திக் காட்டினார். தண்ணீர் சிந்தவில்லை.

நாசா கதை பொய்யல்ல. 1966இல் அதன் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்காக, விமான இருக்கைகளில் மோதலைத் தாங்கவென்று சார்ள்ஸ் யோஸ்ற் என்ற பொறியியலாளர் உருவாக்கியதுதான் இந்த ஃபோம். ஆனால் அந்தக் கதை எங்கள் முன்னால் கிடக்கும் மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. தண்ணீர்க் கிளாஸும் அப்படித்தான். ஸ்பிரிங் இல்லாத எந்த மெத்தையிலும் அது அநேகமாக அசையாமல் நிற்கும்.

உள்ளங்கையை ஊன்றிப் பத்து எண்ணும்வரை அமுக்கி எடுத்தேன். மெமரி ஃபோமென்றால் கைத்தடம் சில செக்கன் நின்று மெல்ல மேலே வர வேண்டும். இங்கே கையோடு கூடவே எழும்பியது. மேலுறையில் தடிப்பாகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்ததால் அப்படித் தெரியக்கூடும் என்று சந்தேகத்தின் பலனைக் கொடுத்து, நிறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"நிறுக்கிறதோ? இதென்ன மீனோ அண்ணை?" என்று சிரித்தார்கள். ஆனாலும் மறுக்கவில்லை. கடைப் பொடியன் தனியாக ஏறி நின்றார், பிறகு மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று தடவை பார்த்தோம். வித்தியாசம் பத்துக் கிலோ. உறைக்கு ஒன்றரை கழித்தால் எட்டரை.

பேரன் போனில் கணக்குப் போட்டான். ஆறடி, மூன்றடி, எட்டு அங்குலம் என்றால் 12 கன அடி, 0.34 கன மீற்றர். எட்டரையைப் பிரித்தால் 25. முழுக்க 50 டென்சிற்றி என்றால் ஃபோம் மட்டும் 17 கிலோ நிற்க வேண்டும். அப்போதுதான் முதலாளி வந்து, "மேல ஒரு இஞ்சிதான் மெமரி, கீழ சாதாரணம்" என்று ஒத்துக்கொண்டார். அவர் அதிகம் வாதாடாமல் உண்மையைச் சொன்னது எனக்குப் பிடித்தது. மெத்தையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டாம் கடை

இங்கே எதிர்மாறு. ஆறு அங்குல மெத்தை, தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. "பாரத்தைப் பாருங்கோ, அதுதான் குவாலிற்றி" என்றார் விற்பவர். நிறுத்தால் 21 கிலோ. உறை ஒரு கிலோ என்றால் அடர்த்தி 78. தாள் கணக்கில் இது உயர்ந்த ரகத்தை ஒட்டிய மெமரி ஃபோம். முதற் கடைக் கணக்கில் மயங்கிப்போயிருந்த மகள் உடனே வாங்குவோம் என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்தது, விலை அவ்வளவு இல்லையே என்று. உறைக்கு ஜிப் இல்லை, சுற்றிவரத் தைத்திருந்தது. விளிம்பைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் கட்டிகள் கையில் பட்டன. மூலைத் தையல் ஒன்று இளகியிருந்த இடத்தால் பார்த்தபோது பச்சை, மஞ்சள், றோஸ் என்று பல நிறப் புள்ளிகள். ரீபொண்டட் ஃபோம். தொழிற்சாலையில் மிஞ்சும் ஃபோம் துண்டுகளை அரைத்துப் பசை போட்டு அழுத்திச் செய்வது. கெட்ட பொருள் என்று சொல்லமாட்டேன். விறைப்பாக இருக்கும், கன மீற்றருக்கு 80, 100 கிலோ கூட வரும், நானே பஸ் சீற் அடியில் போடுகிறேன். அதை மெமரி ஃபோம் என்று விற்பதுதான் பிழை. ஃபோமுக்குள் கல்சியம் காபனேற்றுத் தூளைக் கலந்து பாரம் ஏற்றுவதும் இந்தத் தொழிலில் உண்டு.

ஆக, நிறை குறைந்தால் ஏமாற்று என்பது நிச்சயம். நிறை கூடினால் நல்லது என்பது நிச்சயமல்ல. அன்று ஓட்டோவில் திரும்பி வரும்போது மகளுக்கு இதைச் சொன்னேன். "அப்ப என்னத்தைத்தான் நம்புறது அண்ணை?" என்று கேட்டார். கடைக்காரர் உள்ளே காட்டத் தயாரா என்பதைத்தான் என்றேன்.

மூன்றாம் கடை

அடுத்த வாரம் போன கடை சிறியது, ஏசி மட்டும் நன்றாக வேலை செய்தது. இங்கே உறைக்கு ஜிப் இருந்தது, திறந்து பார்க்க விட்டார்கள். ஒரே ரகத்தில் இரண்டு மெத்தை. ஒன்று ஆறு அங்குலம், மேலே இரண்டு அங்குல மெமரி ஃபோம். மற்றது எட்டு அங்குலம், மேலே மூன்று அங்குலம். இரண்டிலும் மெமரி ஃபோம் 50, அடி ஃபோம் 32 என்றார்கள். நிறுத்தோம். ஆறு அங்குலம் 11 கிலோ, எட்டு அங்குலம் பதினாலரை. பேரன் கணக்கில் உறையோடு சேர்த்து இரண்டும் அரைக் கிலோவுக்குள் பொருந்தின. கைத்தடம் ஆறேழு செக்கன் நின்றது.

அன்றே காசு கொடுக்கவில்லை. இரண்டு ஃபோமிலும் கையகலத் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். வீட்டில் செய்த சோதனை இதுதான். மெமரி ஃபோமில் ஒரு துண்டைப் பிரிட்ஜுக்குள் வைத்தோம், மற்றதை வெளித் திண்ணையில் மத்தியான வெக்கையில் வைத்தோம். சாதாரண ஃபோமையும் அதேபோல இரண்டாக வெட்டி வைத்தோம். இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்தால், பிரிட்ஜில் இருந்த மெமரி ஃபோம் காய்ந்த களிமண் மாதிரி விறைத்திருந்தது. அமுக்கினால் தடம் நெடுநேரம் நின்றது. சாதாரண ஃபோமில் பெரிதாக ஒரு மாற்றமும் இல்லை. குளிருக்கு விறைத்துச் சூட்டுக்கு இளகுவது மெமரி ஃபோமின் இயல்பு. ஆகவே பொருள் அசல்.

திண்ணையில் இருந்த துண்டு குழைத்த மா போல இருந்தது, தடமும் உடனே மறைந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "சரி, அசல்தான்" என்று மேசையில் போட்டேன். இதை எழுதுவதற்குக் காரணமே அந்த ஒரு நிமிடம்தான்.

தெரிவும் அதன் காரணமும்

மறுநாள் அம்மாவையும் கூட்டிப் போனோம். தலையணையையும் வீட்டிலிருந்தே கொண்டுபோனோம். கடையில் ஆட்கள் ஒரு நிமிடம் நிமிர்ந்து படுத்துப் பார்த்து எழும்பிவிடுவார்கள். அது போதாது. உடம்புச் சூடு இறங்கி ஃபோம் உடலுக்கேற்ப அமையச் சில நிமிடம் ஆகும். அம்மா இரண்டு மெத்தையிலும் கால்மணி நேரம், வழமைபோல இடப்பக்கம் சரிந்து படுத்தார். முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டார், மகள் சாரியை இழுத்து மூடிவிட்ட பிறகு சரியாகிவிட்டது.

இரண்டு அங்குலத்தில் இடுப்பெலும்பு குத்துகிறது என்றார். மூன்று அங்குலத்தில், "இது தாங்குது தம்பி" என்றார். பின்னால் நின்று முதுகைப் பார்த்தேன், முள்ளந்தண்டு நேராகத்தான் இருந்தது. மூன்று அங்குலத்தையே எடுத்தோம். நானும் அதைத்தான் சொன்னேன். கடைச் சுவரில் இருந்த வெப்பமானியில் 23 பாகை காட்டியது. பார்த்தேன், அவ்வளவுதான்.

பற்றுச்சீட்டில் ஒவ்வொரு அடுக்கின் தடிப்பையும் அடர்த்தியையும் எழுதித் தரச் சொன்னோம், தயங்காமல் எழுதினார்கள். உத்தரவாத அட்டையில், ஒரு அங்குலத்துக்கு மேல் நிரந்தரப் பள்ளம் விழுந்தால் மாற்றித் தரப்படும், கறை பட்டிருந்தால் இல்லை என்று இருந்தது. பட்டா லொறியில் மெத்தை வந்ததும் வீட்டில் இன்னொரு தடவை நிறுத்தோம். கடையில் பார்த்தது ஒன்று, வீட்டுக்கு வருவது வேறொன்று என்ற கதைகள் இங்கே நிறைய உண்டு. பதினாலரையே நின்றது. மணம் போக ஐந்து நாள் யன்னலைத் திறந்து போட்டோம்.

தை முதல் மாசி வரை

நன்றாகவே போனது. வாடைக் காற்று இருந்தது, இரவில் அம்மா போர்த்துக்கொண்டு படுத்தார். இடையில் எழும்பாமல் ஐந்து மணிவரை நித்திரை கொண்டதாகச் சொன்னார். காலை விறைப்பு பத்து நிமிடமாகக் குறைந்தது. கனடாவுக்குப் படம் அனுப்பினார்கள். எனக்குக் கோயில் பிரசாதத்தோடு ஒரு போத்தல் பனங்கட்டி வந்தது.

சித்திரை

பங்குனிக் கடைசியில் முணுமுணுப்புத் தொடங்கியது. வருடப்பிறப்புக்குப் பிறகு மகள் என் கடைக்கே வந்துவிட்டார். அம்மா இரவில் புரள முடியாமல் கஷ்டப்படுகிறார், எழும்ப ஆளைக் கூப்பிடுகிறார், வேர்த்துக் கொட்டுகிறது, கடைசியில் மூன்று நாளாக நிலத்தில் பாயைப் போட்டுப் படுக்கிறார். "கடைக்காரன் எங்களை ஏமாத்திப் போட்டான் அண்ணை, நான் 1977க்கு அடிக்கப் போறன்." நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் அது. ஒருநாள் பொறுங்கோ, முதலில் அளந்து பார்ப்போம் என்றேன்.

அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் தெளிவாக இருந்தது. "தம்பி, வயலுக்க சேத்தில கால் வைச்ச மாதிரிக் கிடக்கு. வைக்கச் சுகம், எடுக்கத்தான் ஏலாது."

காலையில், மெத்தையில் ஆள் படுத்து மூன்று நாள் ஆன நிலையில், விரிப்பையெல்லாம் எடுத்துவிட்டுத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை நூல் பிடித்தோம். இடுப்பு இருக்கும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் இடையில் கால் அங்குலம். நிரந்தரப் பள்ளம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. கடைக்காரர் தந்தது அவர் சொன்ன பொருளேதான்.

இரவு ஒன்பது மணிக்கு வெப்பமானியோடு போனேன். அம்மாவின் அறை பிறகு சேர்த்துக் கட்டியது, மேலே ஓடில்லாமல் ஷீற் போட்ட கூரை, யன்னல் ஒரு பக்கம் மட்டும். 32 பாகை. தையில் கொண்டுவந்த அதே மாதிரித் துண்டைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அந்த அறையில் அது திண்ணைத் துண்டு மாதிரியே இருந்தது. கடையில் அம்மா படுத்துப் பார்த்தது 23 பாகையில் இருந்த ஒரு மெத்தை. வீட்டில் படுப்பது 32 பாகையில் இருக்கும் இன்னொரு மெத்தை. கனடாவில் மகன் படுப்பதும் அந்த முதலாவது மெத்தைதான்.

எங்கே பிழைத்தது

பிழை என்னுடையது. அதைச் சுற்றி வளைக்க விரும்பவில்லை. அசலா போலியா என்ற ஒரே கேள்வியோடு போனேன், அதற்குச் சரியான விடை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். பிரிட்ஜ்த் துண்டு அசல் என்று சொன்னது. திண்ணைத் துண்டு, சித்திரையில் அம்மா என்ன சொல்லப் போகிறார் என்பதையே சொன்னது. இரண்டாவதை நான் கேட்கவில்லை. ஏசிக் கடையில் கைத்தடம் அழகாக நிற்பதும் அந்தக் குளிரின் உபயம்தான். அதே மெத்தையை வெக்கையில் வைத்தால் தடம் சட்டென்று மறையும், பார்ப்பவர் போலி என்று நினைக்கவும் கூடும்.

தடிப்பும் சேர்ந்து கெடுத்தது. இரண்டு அங்குலம் என்றால் இளகினாலும் உடம்பு கொஞ்சம் இறங்கியதும் அடி ஃபோம் தாங்கிவிடும். மூன்று அங்குலம் முழுதாக இளகினால் 74 கிலோ உடம்பு, அதிலும் சரிந்து படுக்கும்போது இடுப்பு, நன்றாக இறங்கும். இளவயதுக்காரர் அதிலிருந்து புரண்டு வருவார். முழங்கையை ஊன்றிப் புரளும் வயதான ஆளுக்கு ஊன்ற இடமில்லை, முழங்கையும் சேர்ந்து இறங்குகிறது. கடையில் கால்மணி நேரம் படுக்க வைத்த நான், ஆள் உதவியில்லாமல் மூன்று தரம் புரண்டு எழும்பச் சொல்லவில்லை.

இன்னொன்றும் கண்டேன். கறை பட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று மகள் மெத்தைக்கு மேலே பிளாஸ்ரிக் உறை ஒன்றைப் போட்டிருந்தார். வேர்வை போக வழியில்லை, சூடு இன்னும் கூடியது. அதை எடுத்ததும் வேர்வை ஓரளவு குறைந்தது. தாழ்வது குறையவில்லை.

மாற்று ஏற்பாடு

மூன்று வழிகளை யோசித்தோம். கடையில் திருப்பிக் கொடுப்பது நியாயமில்லை, பொருளில் குறையில்லை. அறைக்கு ஏசி போடுவது பற்றி மகன் பேசினார். அம்மாவுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது, கரண்ட் பில் வேறு. மூன்றாவது, வீட்டுக்குள்ளேயே மாற்றிக்கொள்வது.

பேரன் படுத்தது இரண்டு வருடத்துக்கு முன் நானே வெட்டிக் கொடுத்த ஐந்து அங்குலச் சாதாரண ஃபோம், 32 டென்சிற்றி. அதை அம்மாவின் கட்டிலில் போட்டு, மேலே ஒரு அங்குல மெமரி ஃபோம் ஷீற் ஒன்றைப் பருத்தித் துணி உறையில் தைத்து விரித்தோம். எவ்வளவு இளகினாலும் ஒரு அங்குலம்தான் இறங்கும், இடுப்பெலும்புக்கு அது போதும். இந்த முறை அம்மாவை இரவு ஒன்பது மணிக்கு அதே அறையில் படுக்க வைத்து, புரண்டு, எழும்பி, கட்டில் விளிம்பில் இருந்து பார்க்கச் சொன்னேன். நாலாவது தரம் எழும்பச் சொன்னபோது, "காணும் தம்பி, இனி நான் படுக்கப் போறன்" என்றார்.

மூன்று அங்குல மெமரி ஃபோம் போட்ட மெத்தை, பேரன் படுக்கும் முன் அறைக்குப் போனது. ஓட்டுக் கூரை, இரண்டு பக்கமும் யன்னல், சோளகக் காற்று நேரே வரும். பேரன் 49 கிலோ. அவனுக்கு அது பெரிதாகத் தாழவில்லை. காலையில் எழுப்புவதுதான் இப்போது கஷ்டமாம்.

அம்மாவின் நாரி நோ போய்விடவில்லை. காலை விறைப்பு, தையில் இருந்த பத்து நிமிடத்துக்கும் பழைய அரை மணிக்கும் இடையில் நாளுக்கு நாள் மாறுகிறது. வைகாசிக்குப் பிறகு பாய் சுருட்டியபடியே மூலையில் நிற்கிறது. கனடா மகன் அனுப்பிய காசில் பெரும்பகுதி பேரனின் நித்திரைக்குப் போனது. அவர் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

இனி எப்படிச் செய்வேன்

நிறுப்பதை விடமாட்டேன். முதற் கடையில் எங்களைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் நிறைக் கணக்கு சரிவந்தாலும் ஜிப்பைத் திறந்து அடுக்கைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்கச் சொல்லமாட்டேன். துண்டு தர மறுக்கும் கடையில் மெமரி ஃபோம் வாங்க வேண்டாம் என்றும் சொல்வேன்.

துண்டுச் சோதனையை மாற்றிவிட்டேன். பிரிட்ஜில் வைப்பது அசலைப் பார்க்க. மற்றத் துண்டைத் திண்ணையில் வைப்பதில்லை. படுக்கப் போகிறவரின் அறையில், அவர் படுக்கிற நேரத்தில், கட்டிலிலேயே வைத்து அமுக்கச் சொல்கிறேன். மாரியில் வாங்குகிறவர்களிடம் சித்திரையில் அந்த அறை எப்படி இருக்கும் என்று கேட்கிறேன். ஷீற் கூரை என்றால் மெமரி ஃபோம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறேன். கடையில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவதைத்தான் எடுக்கச் சொல்கிறேன், வீட்டு வெக்கை அதை இளக்கும். வயதானவர் என்றால் படுப்பதை விட எழும்புவதைத்தான் அதிகம் கவனிக்கிறேன். மகள், மருமகன் கை கொடுக்கக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும் என்று முதலே சொல்லிவிடுவேன்.

மூன்றாம் கடைக்காரரிடமும் நடந்ததைச் சொன்னேன். மெத்தைகளில் ஒன்றை ஏசி இல்லாத பின் அறையில் போட்டு வைத்தால் என்ன என்று கேட்டேன். அப்படிப் போட்டால் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள் என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

கார்த்திகையில் அந்த வீட்டுக்குப் போனபோது பேரனின் மெத்தையில் மறுபடி நூல் பிடித்தேன். பள்ளம் அதே கால் அங்குலம். அம்மாவின் ஒரு அங்குல ஷீற்றில் இடுப்புப் பக்கம் இலேசாகப் படிந்திருந்தது. தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டு, உறையை மாற்றிவிட்டு வந்தேன்.